பெலாச்சான் விரதம்

இன்று மதியம் தேக்கா உணவுக்கடையில் யாரோ புளித்த இறால் விழுதைப் போட்டுச் சம்பல் பெலாச்சான் வதக்கினார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் சட்டென்று எழுந்து தூரத்து மேசைக்குப் போய்விட்டேன். உனக்கு ஆசை வந்துவிடக் கூடாதே என்ற பழைய பழக்கம். உட்கார்ந்த பிறகுதான் எதிரே நீ இல்லை என்பது உறைத்தது. சாப்பாடு இறங்கவில்லையடி.

டாக்டர் உனக்கு அந்த மாத்திரையைத் தந்தபோது, தோழியென்று நானும் பக்கத்தில் இருந்தேன். மனத்தைத் தூக்கி நிறுத்தும் ரசாயனங்களை மூளையில் உடைத்துப்போடுவது மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதியாம். மாத்திரை அதன் கையைக் கட்டிப்போடும். ஆனால் கருவாடு, பெலாச்சான், சோயா சாஸில் இருக்கும் ஒரு பொருளை உடைப்பதும் அதே நொதிதான். மாத்திரையோடு அவற்றைத் தின்றால் ரத்த அழுத்தம் எகிறிவிடும், உயிருக்கே ஆபத்து என்றார். "என் நாக்குக்கு ஜெயிலா டாக்டர்?" என்று கேட்டாய். பல மாதங்களுக்குப் பிறகு நீ அடித்த முதல் கேலி அது.

மனச்சோர்வுக்கு மருந்து என்று வீட்டில் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. உன் மாமியாரிடம், "மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன் அத்தை, இதெல்லாம் தொடமாட்டேன்" என்றாய். சுவா சூ காங்கில் உங்கள் வீட்டில் அன்றிலிருந்து உனக்கென்று தனிச் சட்டி.

மெல்ல மெல்லத் திரும்பி வந்தாய். எம்ஆர்டி ரயிலில் தூங்கி வழிகிற என்னைக் கிள்ளினாய், புடவைக் கடையில் சண்டை போட்டுப் பேரம் பேசினாய். அதைப் பார்த்த மாமியார், வேண்டுதல் பலித்துவிட்டது, நேர்த்திக்கடனை முடித்துவிடலாம் என்றார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை, மறுநாள் வீட்டில் விருந்து என்று முடிவானது. விருந்தில் சாப்பிடாவிட்டால் குட்டு உடைந்துவிடும் என்று, மூன்று வாரம் முன்பே நீ டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினாய். "நல்லாத்தானே இருக்கேன் லா, விடு" என்றாய். கத்தினேன், கெஞ்சினேன். விருந்தன்று கருவாட்டுக் குழம்பை விரல் நக்கிச் சாப்பிட்டாய்.

பிறகு அந்த இருட்டு மறுபடி வந்தது. இந்த முறை நீ அதிலிருந்து வெளியே வரவில்லை. உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. நீ இல்லாமல் எனக்கு எதுவும் பிடிக்கவும் இல்லை.

போன வாரம் உன் மாமியார் கேட்டார்: "அவ என்னதான்மா வேண்டிக்கிட்டா?" எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "மாத்திரைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே தினமும் எடுத்துக் குடுத்திருப்பேனே" என்றார்.

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு திரிகிறேன். அது உனக்கு வந்து சேர வேண்டியது.