நூறு எண்ணி முடிக்கும் வரை

மார்ச் 3
இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்வதற்கு இந்த நோட்டிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். பாப்பா இப்போதுதான் கண் அசந்தாள்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இன்று மாட்டிக்கொண்டேன். ஒரு ஸ்லைடுக்கு நூறு வெள்ளணுக்களை மைக்ரோஸ்கோப்பில் எண்ண வேண்டும். எண்ணும் கருவியில் வகைக்கு ஒரு பொத்தான். என் கண்ணோ மடியிலிருந்த போனில், வீட்டுக் கேமரா காட்டும் பாப்பாவிடம். விரல் பாட்டுக்கு ஒரே பொத்தானைத் தட்டியிருக்கிறது. சூப்பர்வைசர் மறுபடி பார்த்திருக்காவிட்டால், யாருக்கோ இல்லாத வியாதி ரிப்போர்ட்டில் ஏறியிருக்கும்.

"பிள்ளைய வீட்ல விட்டுட்டு வந்தியா, கண்ண விட்டுட்டு வந்தியா?" என்றார். மாதக் கடைசியில்தான் வேலை நிரந்தரமாகுமா என்று தெரியும். இன்னொரு தடவை என்றால் கையெழுத்துப் போட மாட்டாராம்.

மார்ச் 4
போனை லாக்கரில் பூட்டினேன். பாழாய்ப்போன காது லாக்கருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதிர்கிற மாதிரியே இருந்தது. மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

மார்ச் 6
பார்க்காதே, பார்க்காதே என்று சொல்லச் சொல்லத்தான் பார்க்கத் தோன்றுகிறது. மூளையின் கவனம் பற்றிக் கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள் நான். எங்கே போயிற்று அதெல்லாம்?

பக்கத்து மேஜைக்காரி எப்போதும் முணுமுணுப்பாள். ஏனென்று கேட்டேன். "மந்திரம்னு நெனச்சியா? ஒவ்வொரு அணுவுக்கும் வாய்க்குள்ள பேர் சொல்றேன். சும்மா விட்டா என் மனசு கடைத்தெருவுக்குப் போயிடும்."

நானும் சொன்னேன். நாற்பது வரை தாங்கியது.

மார்ச் 11
நூறு. நடுவில் எழவேயில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கேமரா.

மார்ச் 13
பாப்பா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள். மதியம், நான் போனில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. நெற்றியில் வீக்கம். பயமில்லை என்றார் டாக்டர்.

பார்த்துக்கொள்வது என் நாத்தனார். வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். "கண்ணு எங்கடி வெச்சிருந்த?" — யார் யாரைக் கேட்பது?

அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்க பாக்குறப்ப கேமராவுல பச்சை லைட் எரியும் அண்ணி. மடிக்காத துணி கிடக்கான்னு பாப்பேன், மூஞ்சிய சரி பண்ணுவேன். இன்னைக்கும் அதத்தான் பாத்துட்டிருந்தேன்."

பையை எடுத்துக்கொண்டு அவள் அம்மாவிடம் போய்விட்டாள்.

மார்ச் 14
லீவு. கேமராவின் பழைய பதிவுகளை ஓட்டினேன். நான் எப்போதெல்லாம் பார்த்தேன் என்பதும் அதில் குறித்திருக்கிறது. ஒவ்வொன்றிலும், நான் பார்க்க ஆரம்பித்த நொடியில், பாப்பாவிடமிருந்து அவள் முகம் கேமராவுக்குத் திரும்புகிறது. பிப்ரவரியில் ஒரு நாள் மட்டும் அறுபத்திரண்டு தடவை. அறுபத்திரண்டு தடவை நானே திருப்பியிருக்கிறேன்.

மார்ச் 15
அவளுக்கு அனுப்பியது:

"கேமராவக் கழட்டிட்டேன். சுவத்துல ஆணி ஓட்டை மட்டும்தான் இருக்கு. முந்தாநேத்து உன்னைப் பேசினது வெறும் தப்பு இல்ல, அநியாயம். உன் அண்ணன் சொல்லி எழுதல, நானாத்தான் எழுதறேன். பாப்பா கதவையே பாத்துட்டிருக்கா. திங்கக்கிழமை நான் வேலைக்குப் போகணும், நீ வருவியா? வரலைன்னாலும் சொல்லிடு. சீக்கிரம் பதில் போடு."