“அழைப்பவரே செலவை ஏற்க வேண்டும்” என்ற ஒரு வரி குறித்து

அனுப்புநர்:
மனுதாரர், லிஃப்ட் மெக்கானிக்
(வீட்டில் ‘வாலு’ எனப்படும் ஒன்பது வயதுச் சிறுமியின் அப்பா)

பெறுநர்:
உயர்திரு ஆலோசனை அலுவலர் அவர்கள்,
குடும்ப நல நீதிமன்றம்.

பொருள்: விவாகரத்து உத்தரவின் ஏழாம் பத்தி – மகளின் பயணச் செலவு – திருத்தம் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு விவாகரத்தாகி ஒரு வருடம் ஆகிறது. மகள் தன் அம்மாவிடம் இருக்கிறாள். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு பகல் முழுக்க ரயில் பயணம். தனியே அனுப்ப முடியாத வயது. கூட ஒருவர் வந்து விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். “குழந்தையை அழைக்கும் பெற்றோரே பயணச் செலவை ஏற்க வேண்டும்” என்கிறது ஏழாம் பத்தி. அன்று கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

2. முதல் விடுமுறைக்கு நான் அழைத்தேன், வந்தாள். திரும்ப அழைக்க வேண்டியது அவள் அம்மா என்று நானும், கொண்டுவந்து விடுவது என் வேலை என்று அவரும் முறுக்கிக்கொண்டதில், பள்ளி திறந்து நான்கு நாள் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தாள். அதன் பிறகு பத்து மாதமாக ‘வா’ என்ற சொல் எங்கள் இரு வீட்டிலும் கிடையாது. போனில் மகளிடம் “லீவு எப்போ?” என்று கேட்பேன். “இங்க நல்ல மழை” என்பேன். அதற்கு மேல் வாய் வராது.

3. அவளுக்காகச் சைக்கிள் வாங்கி, அவள் அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். “இது அழைப்புதானே?” என்று உடனே பதில் வந்தது. “இல்லை, தகவலுக்காக மட்டும்” என்று எழுதினேன். அம்மாவின் போனைத்தான் மகளும் எடுத்துப் பார்ப்பாள் என்பது எனக்கு உறைக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது ஐயா.

4. சென்ற திங்களன்று வாலுவின் பள்ளிப் பையில் புத்தகம் இல்லை. இரண்டு கவுன், பல் துலக்கும் பிரஷ், ரயில் நிலையத்துக்குப் போகும் பேருந்தின் எண் எழுதிய துண்டுச்சீட்டு. வகுப்பு ஆசிரியை கண்ணில் பட்டதால் தப்பித்தோம். அவள் அம்மா போன் செய்து அழுதார். அப்போதும் அவர் “கூட்டிட்டுப் போங்க” என்று சொல்லவில்லை. நானும் “அனுப்பி வை” என்று சொல்லவில்லை.

5. அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்று ஒரு லிஃப்டைச் சரிபார்த்துவிட்டு, பார்த்தேனா இல்லையா என்ற சந்தேகத்தில் மூன்று முறை ஏறி இறங்கினேன். கையில் இருக்கும் ஸ்பேனரையே தேடுகிறேன்.

6. ஆகவே, யார் அழைத்தார்கள் என்று பாராமல், போக வர ஆகும் செலவை இருவருக்கும் சரிபாதியாக்கி, பயண நாட்களையும் தாங்களே குறித்துத் தருமாறு வேண்டுகிறேன். விடுமுறைக்குப் பதினோரு நாளே உள்ளது. புகார் யார் மீது என்ற இடத்தில் என்னையும் சேர்த்துக்கொள்ளவும். இம்மனுவை மடிக்கும் முன் அவளை நானே அழைத்துவிடுகிறேன். செலவு யாருடையது என்பதைத் தாங்கள் பிறகு முடிவு செய்யலாம்.

நாள்: விடுமுறைக்குப் பதினோரு நாள் முன்பு
இடம்: பணிமனை

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வாலுவின் அப்பா
(ஒப்பம்)

பின்குறிப்பு: அழைத்தேன் ஐயா. “வாம்மா” என்றேன். அவள் கேட்டாள்: “நிஜமாவாப்பா, இல்ல தகவலுக்காக மட்டுமா?”