பதினோரு மணி வகுப்பு

வெஸ்ட்பி, விஸ்கான்சின்
ஏப்ரல் 6

அன்புள்ள மார்லிஸுக்கு,

இங்கே நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், எழுதிவிட்டேன். டூலூத்தில் நீயும் உன் அக்கா டெலோரிஸும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே ஏரிக்காற்று இன்னும் அடிக்கும். உன் கனத்த கோட்டு இங்கே ஆணியில் தொங்குகிறது. தபாலில் அனுப்பலாமா என்று இரண்டு தரம் கையில் எடுத்தேன். அனுப்பிவிட்டால் வாசலில் உன்னுடையது என்று ஒன்றும் இருக்காது. திரும்ப மாட்டிவிட்டேன்.

பனி கரைந்து முற்றமெல்லாம் சேறு. இடது முழங்கால் படியேற மறுக்கிறது. நாய் உன் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டு என்னை ஒரு ஆளாகவே மதிப்பதில்லை. நேற்று பக்கத்துப் பண்ணை வெர்லின் வந்தான். "என்னடா ஆர்வின், மாட்ட வித்த, மீனக் கொன்ன, இப்ப பொண்டாட்டியையும் தொரத்திட்டியா? மிச்சம் அந்த நாய்தான்டா" என்றான். அவன் சுபாவம் உனக்குத் தெரியும், சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காப்பி கொடுத்தேன். அதையும் முழுசாகக் குடித்துவிட்டு, "இது காப்பியா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

இருநூற்று நாற்பது திலாப்பியா மீனில் பதினொன்றுதான் பிழைத்தன. அவற்றைச் சின்னத் தொட்டியில் தனியாக வைத்திருக்கிறேன். சாலட் கீரை முழுவதும் மஞ்சளடித்துப் போனதால் பிடுங்கி உரக்குழியில் போட்டேன். வடிகட்டியை முதலிலிருந்து தொடங்கினேன். வடிகட்டிப் பீப்பாய்க்குள் இருக்கிற பிளாஸ்டிக் துண்டுகளின் மேல் பழுப்பாக ஒரு வழவழப்பு படியுமே, அழுக்கு மாதிரி, அதில்தான் பாக்டீரியா குடியிருக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. அதைச் செடிக்கு உரமாக மாற்றித் தருவது அந்த பாக்டீரியாதான். அது உயிர் பிடிக்க ஆறு வாரம் ஆகும். அவசரப்பட்டு ஒன்றும் ஆகாது. தினமும் காலையில் சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, அம்மோனியாவுக்கு நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

மேலே உள்ள பத்தியைத் திரும்பப் படித்தேன். இதை உனக்கு இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். அதை எனக்கு உறைக்க வைத்தவள் யெர் சியோங்.

மீனையும் கீரையையும் ஒரே தண்ணீரில் வளர்க்க நாம் நடத்தும் பிப்ரவரிப் பயிற்சிக்கு வந்த பன்னிரண்டு பேரில் ஒருத்தி. லா கிராஸ் சந்தையில் காய்கறி விற்கிற ஹ்மொங் இனத்து அம்மா, உன் சூப்பைக் குடித்துவிட்டு மிளகாய் இருக்கிறதா என்று கேட்டாளே, அவள்தான். மூன்றாம் நாள் வகுப்பு நடக்காமல் போனதால், யார் வந்தாலும் திரும்ப நடத்தித் தருகிறேன் என்று எல்லோருக்கும் எழுதியிருந்தேன். போன சனிக்கிழமை அவள் மட்டும் வந்தாள்.

அவளுக்கு நடந்ததை விளக்கினேன். பயிற்சிக்கு வரும் விருந்தாளிகள் கண்ணில் அழுக்குப் படக்கூடாது என்று என் மனைவி முந்தின நாள் பீப்பாயைத் திறந்து, துண்டுகளைப் பால்குழாய் கழுவும் குளோரின் மருந்தில் ஊறவைத்து, மூன்று தண்ணீர் அலசி, பளிச்சென்று அடுக்கிவிட்டாள். பாக்டீரியா அத்தனையும் போயிற்று. வெள்ளியும் சனியும் அம்மோனியா ஏறி, ஞாயிறு காலையில் மீன் மல்லாந்தது. இதைப் பாடம் மாதிரி, கொஞ்சம் ரசித்தே சொன்னேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

அவள் நோட்டை மூடி வைத்தாள். "அதக் கழுவக் கூடாதுன்னு அவங்களுக்கு யாருங்க சொன்னது?" என்று கேட்டாள்.

ஒன்பது பயிற்சியில் நூறு பேருக்கு மேல் சொல்லியிருக்கிறேனே என்றேன்.

"நூறு பேர நான் கேக்கல. அவங்களுக்கு யாரு சொன்னது? நீங்க அதச் சொல்றப்ப அவங்க எங்களுக்கு சூப்பு கிண்டிக்கிட்டு இருந்தாங்க. வாசம் நாங்க பாடம் கேட்ட மாடி வரைக்கும் வந்துச்சே."

வடிகட்டி வகுப்பு எப்போதும் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு. பன்னிரண்டு அடித்தால் சாப்பாடு மேஜையில் இருக்க வேண்டும் என்பது என் கட்டளை. ஆகவே ஒன்பது பயிற்சியிலும் பதினோரு மணிக்கு நீ அடுப்படியில் இருந்தாய். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். தினமும் தண்ணீரைச் சோதியுங்கள் என்று தொண்டை கிழியச் சொல்கிறவன், அந்த மூன்று நாளும் என் தொட்டியைச் சோதிக்கவில்லை. பீப்பாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, ஜாடியில் வைத்திருந்த மாதிரித் துண்டுகளைக் காட்டியே வகுப்பை முடித்தேன். என் தொட்டிக்கு என்ன கேடு என்ற திமிர். வெள்ளிக்கிழமையே பார்த்திருந்தால் பாதி மீனாவது பிழைத்திருக்கும்.

அந்தப் பளபளப்பை உன் கைக்குப் பழக்கியது யார் என்றும் யோசித்துப் பார்த்தேன். கல்யாணமான முதல் வருஷம் பால் வண்டிக்காரர் நம் பாலை வேண்டாம் என்று விட்டுப் போனார். பால்குழாயில் ஒரு வளைவு சரியாகக் கழுவப்படவில்லை. அன்று நான் உன்னைப் பேசிய பேச்சு எனக்கு மறந்துவிட்டது, உனக்கு மறந்திருக்காது. அதற்குப் பிறகு மாடுகளை விற்கும் வரை ஒரு நாள்கூட நம் பால் திரும்பவில்லை. பழுப்பாக ஒரு வழவழப்பைப் பார்த்தால் அந்தக் கை சும்மா இருக்குமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் முன்னால், "முப்பத்தெட்டு வருஷமா இந்தக் கொட்டாய்ல இருக்க, எதத் தொடணும் எதத் தொடக் கூடாதுன்னு இன்னும் தெரியல" என்றேன். அவர்களுக்குச் சாப்பாடு போட்டாய். தட்டுகளைக் கழுவி, துடைத்து, அடுக்கினாய். திங்கட்கிழமை அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று கிளம்பினாய். டெலோரிஸ் போன வாரம் போனில் நன்றாகத்தான் பேசினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

களைத்துவிட்டேன் மார்லிஸ். மீன் போனதற்கு இப்படிக் களைப்பதில்லை. மாடுகள் போனபோதே தெரிந்துகொண்டேன், அதெல்லாம் தாங்கக்கூடியதுதான்.

இன்று காலையில் சோதனைக் குழாயில் அம்மோனியா இல்லை. நிறம் மாறவே இல்லை. நாளையோடு ஆறு வாரம் முடிகிறது. புது மீனை இன்னும் விடவில்லை, நீ வந்த பிறகு விடலாம் என்று இருக்கிறேன்.

அடுத்த பயிற்சி மே எட்டாம் தேதி தொடங்குகிறது. பதினோரு பேரைத்தான் சேர்த்திருக்கிறேன். பன்னிரண்டாவது பெயர்ச்சீட்டில் உன் பெயரை எழுதி முன்வரிசை நாற்காலியில் வைத்துவிட்டேன். வடிகட்டியைப் பற்றி எல்லோருக்கும் சொல்லித் தரும்படி யெரைக் கேட்டேன், சம்மதித்துவிட்டாள். உன் காட்டரிசி சூப்பை இரண்டு தரம் வைத்துப் பார்த்தேன். ஒரு தரம் அடிபிடித்தது, ஒரு தரம் பசையானது. ஒரு மாதம் இருக்கிறது, பழகிவிடுவேன்.

நீ என்னிடம் பேச வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. அந்த நாற்காலியில் வந்து உட்கார். கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். கோட்டு இங்கேயே இருக்கிறது.

அன்று பதினோரு மணிக்கு அடுப்படியில் இருக்கப்போகும் உன்
ஆர்வின்