நிறுத்தச் சொன்ன ஆள்

போடிமெட்டில் பஸ் நின்றது. சாலையோரம் புதிதாக வெட்டிய மண்ணின் ஈர வாசனை சன்னல் வழியே உள்ளே வந்தது. எல்லாரும் டீ குடிக்க இறங்கினார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. உன்னைத் தோண்டி எடுத்தபோது உன் சட்டையில் இருந்த வாசனை இதுதான் என்று உன் மனைவி ஜெபா சொல்லியிருந்தாள்.

நாளை விசாரணை. எல்லைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் மலைச்சரிவை இயந்திரம் வைத்து வெட்டியபோது மண் இறங்கியது. கீழே நின்ற இரண்டு பெண்கள் அங்கேயே இறந்துபோனார்கள். அவர்களோடு புதைந்த மேற்பார்வையாளன் நீ, மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாய். அதற்கு முன்பு, எஸ்டேட் அலுவலகத்திலிருந்து வந்து கேட்டவரிடம் ஒரே வாக்கியம் சொன்னாய்: "வேலைய நிறுத்தச் சொன்ன ஆளு நாந்தான்."

தமிழைப் போலவே இரண்டு பொருளையும் தாங்கும் மலையாளத்தில் எழுதியிருந்தால் அந்த வாக்கியம் சேதமில்லாமல் போயிருக்கும். ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஆங்கிலம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நிறுத்தும்படி பிறருக்குச் சொன்னவன் நீ என்று எழுதவில்லை. நிறுத்தும்படி சொல்லப்பட்டவன் நீ என்று எழுதினார்கள். ஆக, அலுவலகம் எச்சரித்தது, நீ மீறினாய், அந்த இரண்டு உயிர்களும் உன் கணக்கில்.

பாலக்காட்டுக் கல்லூரியில் தர்க்கம் படித்த நாட்களில், வாக்கியத்தின் அமைப்பும் கூற்றின் அமைப்பும் ஒன்றே என்று நான் வாதிட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் விடுதி வார்டன், அடித்த பையனை வரச் சொல் என்றார். அடித்தவனும் போனான், அடிபட்டவனும் போனான். என்னை ஊர்ப் பெயரால் கூப்பிட்டு, நீ சாப்பாட்டுத் தட்டோடு சிரித்தாய். "ஏலே கல்பாத்தி, வாக்கியம் ஒண்ணு, சங்கதி ரெண்டு. இப்ப உன் தர்க்கத்த எங்க கொண்டு வைப்ப?" பின்பு அதையே ஆராய்ந்து பட்டம் வாங்கினேன். அதனால்தான் நாளை என்னைச் சாட்சி சொல்ல அழைத்திருக்கிறார்கள்.

அலுவலகத்தின் வக்கீல் கேட்கப்போவது எனக்குத் தெரியும்: இந்த வாக்கியத்துக்கு அந்தப் பொருளும் உண்டா, இல்லையா? உண்டு. பொய் சொல்ல எனக்கு வராது. அந்த ஒரு சொல்லோடு என்னை உட்கார வைத்துவிடுவார்களோ என்றுதான் மூன்று இரவுகளாகத் தூக்கம் இல்லை.

நேற்று தொலைபேசியில் ஜெபாவிடம் இதைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"ரெண்டு அர்த்தம்னா ரெண்டையும் சொல்லுங்கண்ணே. ரெண்டுலயும் ஆபீஸ்காரங்க இருப்பாங்கல்ல."

அதுவரை நான் பெயரெச்சத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். 'சொன்ன' என்ற சொல்லுக்குச் சொல்பவர் ஒருவர் வேண்டும், கேட்பவர் ஒருவர் வேண்டும். உன் வாக்கியத்தில் ஓர் இடத்தில் நீ நிற்கிறாய், மற்றது காலி. நீ சொன்னாய் என்றால் அதைக் கேட்டும் வேலையை நிறுத்தாதது அலுவலகம். உன்னிடம் சொன்னார்கள் என்றால் சரிவு இறங்கும் என்பது அலுவலகத்துக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அந்தப் பெண்களை மேலே கூப்பிடவில்லை, இயந்திரத்தின் சாவியைப் பிடுங்கவில்லை. எப்படிப் பிரித்தாலும் அந்தக் காலி இடத்தில் உட்காருகிறவர் ஒருவரே. அவருடைய பெயரை நான் கேட்பேன்.

பஸ் கிளம்பிவிட்டது. மூடுபனியில் வளைவுகள் தெரியவில்லை. 'உண்டு' என்று சொன்ன மறுகணம், மூச்சு விடாமல், இரண்டிலும் அலுவலகம் இருக்கிறது என்ற அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிட வேண்டும். வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறேன்.