இடைவேளையில் நீந்திய ஏழு மீன்கள்

அனுப்புநர்:
முன்னாள் அரங்க உதவியாளர் (ஓய்வு),
பொதுத் தொலைக்காட்சி நிலையம்.

பெறுநர்:
நிலைய இயக்குநர் அவர்கள்,
பொதுத் தொலைக்காட்சி நிலையம்.

பொருள்: நிலையத்தின் ஐம்பதாண்டு வரலாற்று நூல், பக்கம் 41 – மீன்தொட்டி விடுபட்டமை – திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் நிலையம் வெளியிட்ட நூல், என் மனைவி கண்ணால் கண்டதை இல்லையென்று சொல்லிவிட்டது. முதல் நான்கு ஆண்டுகள் நிகழ்ச்சிகளுக்கு இடையே திரை வெறுமையாக இருந்தது என்கிறது பக்கம் 41. பள்ளிக்குப் போகாமல் எழுத்துக் கூட்டிக் கற்றவன் நான். தவறாகப் படித்தேனோ என்று மூன்று முறை படித்தேன். திரை வெறுமையாக இல்லை. மீன்கள் இருந்தன.

2. அப்போது இரண்டே கேமராக்கள். ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்ததற்கு நாற்காலிகளை மாற்றும்வரை, ஒரு கேமராவை அரங்க மூலையிலிருந்த கண்ணாடித் தொட்டியின் பக்கம் திருப்புவோம். ஏழு மீன்கள். ஒலி கிடையாது. ஊரே தண்ணீருக்குள் இறங்கியதுபோல் வீட்டுக்கு வீடு ஓர் அமைதி பரவும். விடுப்பு நாட்களில் தெருவில் நடந்து பார்த்திருக்கிறேன்: எல்லா ஜன்னல்களிலும் அதே மீன், ஒரே நேரத்தில் திரும்பும்.

3. பிழையின் காரணமும் எனக்குத் தெரியும். பதிவேட்டில் நிகழ்ச்சிகளின் பெயரை எழுதுவோம். இடைவேளைக்கு ஒரு கோடு மட்டும் இழுப்போம். நூலாசிரியர் கோட்டைப் பார்த்து வெறுமை என்று எண்ணிவிட்டார். அவர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார். ஆனால் கேட்டிருக்கலாம். நான் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன்.

4. மீன்களுக்கு இரை போட்டவன் நான். திரையில் என் கை மட்டும் வரும். இடப்பக்கம் போட்டால், நேரத்துக்கு வீடு வருகிறேன் என்று பொருள். வலப்பக்கம் போட்டால், தாமதமாகும், காத்திராமல் சாப்பிடு என்று பொருள். வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிமுன் இருக்கும் என் மனைவிக்கு மட்டும் இது தெரியும். பொது ஒளிபரப்பைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியது குற்றமென்றால் ஒப்புக்கொள்கிறேன். விளக்கம் தருவேன், மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

5. அவளுக்கு இப்போது நினைவு தப்புகிறது. சில நாட்கள் என் பெயரே கிடைப்பதில்லை. மீன்கள் மட்டும் நினைவைவிட்டுப் போகவில்லை. "அந்தச் செவப்பு மீனுக்குப் போட்டீங்களா? அது பசி தாங்காதே" என்பாள். கறுப்பு வெள்ளைப் பெட்டியில் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்ட மருத்துவர், இல்லாததைக் காண்கிறாள் என்று எழுதிவிட்டார். மகன் தங்கள் நூலை விரித்து, "அப்படி ஒண்ணு வரவே இல்லம்மா, புக்குலயே போட்டிருக்கு பாரு" என்றான். அன்றிலிருந்து அவள் மீனைப் பற்றிக் கேட்பதில்லை. பெட்டியைப் போடவும் விடுவதில்லை. அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

6. ஐயா, நிறங்களைச் சொன்னவன் நான். வேலை முடிந்து வந்ததும், எந்த மீன் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். அவள் கண்டதில் பாதி தங்கள் ஒளிபரப்பு, பாதி என் பேச்சு. நோய் அதில் எதுவுமில்லை.

ஆகவே செய்ய வேண்டியவை:

அ) நூலாசிரியர், பக்கம் 41-இல் ஏழு மீன்களையும் சேர்க்க வேண்டும்.

ஆ) ஆவணப் பிரிவினர், அந்தக் கோடுகள் எதைக் குறிக்கின்றன என்று பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

இ) தாங்கள், மீன்கள் இருந்தன என்று என் மனைவி பெயருக்குப் பெரிய எழுத்தில், முத்திரையுடன் ஒரு கடிதம் தர வேண்டும். மருத்துவருக்கும் மகனுக்கும் நகல்.

ஈ) அரங்கப் பிரிவினர், ஒரு மாலை இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஐந்து நிமிடம், கறுப்பு வெள்ளையில், ஒலியில்லாமல் ஒரு மீன்தொட்டியைக் காட்ட வேண்டும். அன்று பெட்டியை மகன் போடுவான், சொல்லிவிட்டேன்.

உ) இரை நான் போடுகிறேன். இடப்பக்கம்.

இடம்: நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி
நாள்: ஜூன் 14

பதில் வரும்வரை எழுதிக்கொண்டிருக்கும்,
(ஒப்பம்)
முன்னாள் அரங்க உதவியாளர்