அப்பா புலம்பாத வாரம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேலைக்குப் போய் வருகிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே நான் நலம். உன் அப்பாவும் நலம்தான், ஆனால் அதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதால் அவர் தரப்பில் நீயே ஏதாவது நினைத்துக்கொள். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். இந்த வீட்டில் போன் வந்தால் உன் அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்து மேசையில் வைத்துவிடுகிறார், அவரைப் பற்றி அவர் முன்னாலேயே என்னத்தைச் சொல்ல. அதோடு இந்தத் தடவை உன்னையும் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. போனில் திட்டினால் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிடுவாய். காகிதத்தில் அந்த வசதி கிடையாது, அதனால் உட்கார்ந்து முழுக்கப் படி.

முதலில் வீட்டு நிலவரம். உன் அப்பாவின் புராஸ்டேட்டில் வந்த புற்றுநோய் எலும்பு வரை எட்டிப் பார்த்துவிட்டது என்பதும், வெட்டி எடுக்க வழியில்லை, அதற்குத் தீனி போடுகிற ஆண் ஹார்மோனை அடக்கி வைக்க மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வயிற்றில் ஊசி என்பதும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது அந்த ஊசிக்குப் பிறகு இங்கே நடக்கிற கூத்து. சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு நெஞ்சிலிருந்து குபீரென்று சூடு கிளம்புகிறது, முகம் சிவந்து சட்டை தொப்பலாக நனைகிறது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது, அடங்கியதும் குளிருது என்று போர்வை கேட்கிறார். ஃபேன் ரிப்பேர் பார்க்கிற ஆளுக்கு இப்படி ஒரு வியாதி வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறாய்? கடைக்கு வருகிற ஃபேனுக்கெல்லாம் உள்ளே செம்புக் கம்பிக் காயில் கட்டி முடித்ததும், ஓட்டிப் பாக்கணும் என்று சொல்லி வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுகிறார். ஓட்டிப் பார்ப்பது என்றால் தன் மேல் ஓட்டிப் பார்ப்பது. தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, சாப்பிடும்போது இலவச இணைப்பாக இன்னொன்று. தட்டில் வைத்த அப்பளம் பறந்து போய்க் கதவருகே விழுகிறது.

பேக்கரிக்காரர் தன் ஸ்டாண்ட் ஃபேனைக் கேட்டு நடையாய் நடந்தார். இவர் மாற்ற வேண்டிய கண்டன்சர் வரவில்லை, கண்டன்சர் வரவில்லை என்று சொல்லியே அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு நாள் அந்த மனிதர் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் கதவைத் திறந்தேன். உள்ளே உன் அப்பா பனியனோடு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார், எதிரே பேக்கரிக்காரர் பெயர் எழுதி ஒட்டின காகிதத்தோடு அந்த ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அண்ணே, கண்டன்சர் வந்துடுச்சு போலிருக்கே என்று அவர் கேட்டார். உன் அப்பா கண்ணைக்கூடத் திறக்கவில்லை, இப்பதான் போட்டிருக்கேன், ரெண்டு நாள் ஓடட்டும், அவசரப்படாதீங்க என்றார். பாவம், நாள் முழுக்க அடுப்படியில் வேகிற மனிதர். பிளக்கைப் பிடுங்கி ஃபேனைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார். போகும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான்தான் திருடி வைத்திருந்தேன் என்பது மாதிரி.

மாதவிலக்கு நிற்கிற வயசில் எனக்கும் இதே சூடு வந்த காலம் ஒன்று உண்டு. நீ அப்போது பரீட்சை, நண்பர்கள் என்று இருந்தாய், அம்மா முகம் ஏன் சிவந்திருக்கிறது என்று பார்க்க உனக்கு எங்கே நேரம். லாண்டரியில் இஸ்திரி மேசை முன்னால் நாள் முழுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் சமையலறை ஃபேன் பேரிங் போய்க் கிடக்கும். நாளைக்குப் பாக்கலாம் என்று சொன்ன மெக்கானிக் வேறு யாருமில்லை. அந்த நாளை வருவதற்குள் என் சூடு தானாக அடங்கி, நீ படித்து முடித்து, விமானம் ஏறிப் போய், உனக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. ஃபேன் மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வயசானா வர்றதுதானே, இதுக்குப் போய் ஆர்ப்பாட்டம் பண்ணுவாங்களா என்று உன் அப்பா அப்போது என்னிடம் சொன்னார். அதே வார்த்தையை இப்போது ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். பெரிய சண்டை வரும் என்று இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவருக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, எனக்கு ஏன்டி அழுகை வருது என்று என்னையே கேட்கிறார். சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் போயிற்று எனக்கு.

அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரத்தில் ஒரு குழந்தை சட்டையைச் சேறாக்கிக்கொண்டு வந்தால் இவர் கண்ணைத் துடைக்கிறார். உன் கல்யாணத்தன்று விறைத்துக்கொண்டு நின்ற மனிதர் இவர்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள். இடுப்பு பெருத்துவிட்டது, பேன்ட்டை இரண்டு தடவை பிரித்துத் தைத்துவிட்டேன், இனிமேல் பிரிக்கத் துணி இல்லை. மார்பு கொஞ்சம் வீங்கி வலிக்கிறது என்று சட்டைக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போகிறார், யாரோ உற்றுப் பார்க்கிறார்களாம். ரிப்பேருக்கு வந்த ஃபேனை விட்டுவிட்டு இவரை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டேன், அதற்கும் கோபம். உட்கார்ந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிடுகிறார். இன்னொரு விஷயமும் இருக்கிறது, பெற்ற பிள்ளைக்கு எழுதுகிற விஷயம் இல்லை, அதற்காகச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான் புகார் கொடுத்தேனா என்றேன். நான் இப்ப ஆம்பளையே இல்லை, பொம்பளை மாதிரி ஆகிட்டேன் என்றார். நான் பிறந்ததிலிருந்தே பொம்பளைதான், அதுக்காக யாரும் என்னை உட்கார வைத்து ஃபேன் போடலையே என்று சொல்லிவிட்டேன். அதற்குச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். ஊசி போட்டால் இரண்டு நாளைக்கு உன் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு புலம்புவது வழக்கம். குத்தின இடம் கல்லு மாதிரி இருக்கு, அந்த நர்ஸ் கோணி ஊசியால குத்துது, நான் செத்தா அதுதான் காரணம், இப்படி ஆரம்பித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். இந்தத் தடவை ஊசிக்கு நான் கூடப் போகவில்லை, லாண்டரியில் ஆள் குறைவு என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலம் வந்து கேட்டேன், போட்டாச்சு என்றார். அதோடு சரி. மறுநாள் சத்தமே இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தட்டைக் கழுவி வைக்கிறார், என்னிடம் மரியாதையாகப் பேசுகிறார். முதலில் நான் நிம்மதியாக இருந்தேன், அதை நினைத்தால் இப்போது என் மேலேயே எரிச்சல் வருகிறது. ஒரு வாரம் ஆகியும் வீட்டில் புலம்பல் இல்லை என்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சட்டையைத் தூக்குங்க, ஊசி போட்ட இடத்தைக் காட்டுங்க என்றேன். சூடா இருக்கு, அப்புறம் பாக்கலாம் என்றார். ஃபேனை எல்லாம் நிறுத்திவிட்டு எதிரே நின்றேன். அப்போதுதான் வாயைத் திறந்தார். ஆஸ்பத்திரி வாசல் வரை போய்விட்டுக் கடைக்குத் திரும்பிவிட்டாராம். பையனே சொல்லிட்டான், கஷ்டமா இருந்தா நிறுத்திடுங்கப்பா, உங்க உடம்பு உங்க இஷ்டம்னு என்று என்னிடம் சொல்கிறார், ஏதோ பெரிய டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த மாதிரி.

உங்க உடம்பு உங்க இஷ்டம். எவ்வளவு பெருந்தன்மை உனக்கு. அவர் கடையிலிருந்து போனில் அழுதிருப்பார், உனக்கு மனசு கேட்டிருக்காது, வாயில் வந்த ஆறுதலைச் சொல்லியிருப்பாய், அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இந்த மனிதர் நாற்பது வருஷமாக நான் சொன்னதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவர், நீ போகிற போக்கில் சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்த ஊசி நின்றால் அந்தச் சூடும் அழுகையும் மெதுவாக நிற்கும், நோய் நிற்காது. அவர் இல்லாமல் போனால் அவர் உடம்பு யார் இஷ்டம் என்று நீ யோசித்தாயா? எனக்குப் பயமாக இருக்கிறது, அதை இங்கே யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் உன்னிடம் கோபமாக எழுதுகிறேன். இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்.

மறுநாள் நான் லாண்டரியிலிருந்து வந்தால் சமையலறையில் ஸ்டூல் போட்டு ஏறி நிற்கிறார். புதுப் பேரிங் போட்டு, இறக்கைக்குப் பெயின்ட் அடித்து, ஃபேனை மாட்டியாயிற்று. சுவிட்சைப் போட்டுவிட்டு என் முகத்தையே பார்க்கிறார். காத்து வருதா என்றார். வருது என்றேன். அப்ப அந்த ஊசியைப் பத்தி இனிமே பேச வேண்டாம் என்றார். இத்தனை வருஷம் கழித்து எனக்குக் கிடைத்தது லஞ்சமாகத்தான் கிடைத்தது பார். ஃபேனை வாங்கிக்கொண்டேன், விடிந்ததும் ஆளையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே நடந்தது அதைவிட வேடிக்கை. அந்த டாக்டர் பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். எப்படி இருக்கீங்க என்று கேட்டதும், எல்லாம் நல்லா இருக்கும்மா, ஒரு தொந்தரவும் இல்லை என்று இவர் சொல்கிறார், துண்டை வைத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார். இத்தனை மாதமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து இதையேதான் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டில் என்னை அழுகையில் மூழ்கடித்துவிட்டு அங்கே போய் வீரன் வேஷம். நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பேக்கரிக்காரர் ஃபேன் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை, ஏன் ஐயா முன்னாடியே சொல்லலை, இந்தச் சூட்டைக் குறைக்க மருந்து இருக்கே என்றது. மார்பு வலியையும் பார்த்தது. தினமும் நடக்கணும், கை காலுக்குக் கொஞ்சம் பளு தூக்கிப் பழகணும், எலும்புக்கும் அசதிக்கும் அதுதான் நல்லது என்றது. மனசு சரியில்லாததும் ஊசியோட வேலைதான், நீங்க கோழை இல்லை என்றும் சொன்னது. ரத்தத்தில் இந்த நோய்க்காகப் பார்க்கிற பி.எஸ்.ஏ. அளவு கொஞ்சம் ஏறியிருக்கிறதாம், நல்லவேளை ரொம்பத் தள்ளிப்போகவில்லை, இனிமே தள்ளக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அங்கேயே ஊசி போட்டு அனுப்பினார்கள்.

இனி நீ செய்ய வேண்டியது. அடுத்த தடவை அவர் அழுதால் அழவிடு, அவசரப்பட்டு ஆறுதல் சொல்லாதே. நான் தப்பா சொல்லிட்டேம்ப்பா, ஊசியை விடாதீங்க என்று உன் வாயால் சொல், நான் சொன்னால் அது வெறும் சத்தம். பிறகு உன் வீட்டில் ஏதாவது மோட்டார் கெட்டிருந்தால் அதைப் பற்றிக் கேள், கெடாவிட்டாலும் கெட்டது என்று சொல்லிக் கேள். மருமகளிடமும் இதைப் படிக்கக் கொடு, உங்கள் இரண்டு பேரில் அவளுக்குத்தான் நிதானம். இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருத்தர் சூட்டுக்கு ஒருத்தர் நேரத்தோடு ஃபேன் போட்டு, நீண்ட காலம் சேர்ந்து வாழ வேண்டும், அதுதான் அம்மாவின் ஆசீர்வாதம். அடுத்த ஊசி போடுகிற தேதியை உன் போனில் குறித்து வை, முந்தின நாளே கூப்பிடு, மறக்காதே.

இன்று காலையிலிருந்து ஆரம்பித்துவிட்டார். குத்தின இடம் கல்லு மாதிரி இருக்காம், கோணி ஊசியாம், அந்த நர்ஸுக்கு என்ன பகையோ தெரியலையாம். கூடத்திலிருந்து வருகிறது சத்தம், இந்தச் சமையலறை ஃபேன் இரைச்சலில் பாதி வார்த்தை காதில் விழவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு, வேர்த்தாலும் பரவாயில்லை என்று நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உன் அம்மா