லாரிக்கு மஞ்சள் துணி

ஆடி 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மரவள்ளிக் காட்டு வேலைக்கு ஆட்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு போனார்கள்.

எஸ்டேட் ஆபீசில் இனி எந்தத் தாளிலும் 2603 என்றுதான் வருடம் போட வேண்டுமாம். சப்பான்காரன் கணக்கு. கடிகாரத்தையும் அவன் ஊர் நேரத்துக்குத் திருப்பியாயிற்று. என் எழுத்தில் ஆடி மாதம்தான். எவன் வந்து கேட்கிறான் பார்க்கலாம்.

லாரி மறுபடி நின்றது. சிடாம் கிரி சாலையில், மேட்டுக்குக் கீழே. ஒரே ஆவி. ரேடியேட்டரைத் திறந்தால் உள்ளே பாதித் தண்ணீர்கூட இல்லை. காலையில் மாரிமுத்து வாய்வரை நிரப்பியதை நானே பார்த்தேன். அவனை, என் தங்கை பாக்கியத்தின் புருஷனை, இத்தனை வருடம் இந்த லாரியைப் பிள்ளை மாதிரி ஓட்டியவனை, இன்று ஆபீஸ் வாசலில் திருடனைப் போல நிற்க வைத்தார்கள்.

செய்தது கிராணி, ஆபீஸ் கணக்குப்பிள்ளை. வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு அந்தப் பெரிய நாற்காலியில் ஏறி உட்கார்ந்த ஆள். இனி கி. என்றுதான் எழுதுவேன். முழு வார்த்தைக்கு லாயக்கில்லை. உயர்திணைக்கும் லாயக்கில்லை.

கி. கேட்டது: "ஒழுகுதுன்னா தரையில ஈரம் இருக்கணும்லா. எங்கடா ஈரம்? நீயே தெறந்து விட்டுட்டு எங்கிட்ட கதை விடுறியா?"

பக்கத்தில் சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்த சப்பான் அதிகாரி. அவனிடம் கி. மலாயில் சொன்னது: "தியா புவாங் ஆயர்." தண்ணீரைக் கொட்டிவிட்டான் என்று சொல்ல வந்தது. எந்த மலாய்க்காரனைக் கேட்டாலும் வேறு அர்த்தம் சொல்வான், கக்கூசுக்குப் போனான் என்று. அதிகாரிக்கு எது புரிந்ததோ. "பக்கேரோ!" என்று அவன் பாஷையில் ஒரு வசவு, மாரிமுத்துவின் செவிட்டில் ஓர் அறை. விழுந்தவனின் தோளில் பூட்ஸ் காலால் மிதி. அரைகுறை மலாய்க்கு எங்கள் வீட்டுத் தோள்!

கி. போட்ட கெடு: சனிக்கிழமைக்குள் லாரி ஒழுங்காக ஓட வேண்டும். இல்லையென்றால் மாரிமுத்து பெயர் சயாம் பட்டியலில். அங்கே ரயில் பாதை போடப் போனவர்களில் ஒருவர்கூட எங்கள் கூலி லயத்துக்குத் திரும்பவில்லை.

"ஐயா, ஒழுகல் எங்கேன்னு நான் காட்டினா?" என்றேன். நான் இங்கே பிட்டர். என் வேலை அது.

கி. சிரித்தது. "காட்டு, பாப்போம்லா."

ஆடி 4, செவ்வாய்

வெயில். பசி.

ஒழுகல் பார்க்கிற கருவி கடையில் வாங்குவதாவது! கடையில் ஊசி நூலே இல்லை. தேடிச் சேர்த்தவை:

சைக்கிள் பம்ப் (சைக்கிளைச் சப்பான்காரன் பிடுங்கிக்கொண்டான், பம்பை மறந்துவிட்டான்).
பழைய டியூப் வால்வு.
டியூப் துண்டு, ஒரு சாண். ஒரு முனை கட்டியது.
ரேடியேட்டர் வாய்க்கு மூடி. ரப்பர் ஷீட்டை அடுக்கி வெட்டினேன். ரப்பருக்கு மட்டும் பஞ்சமில்லை, ஸ்டோரில் மலை மாதிரி கிடந்து பூசணம் பிடிக்கிறது.

மூடியில் இரண்டு ஓட்டை. ஒன்றில் வால்வு, மற்றதில் டியூப் துண்டு. ரேடியேட்டரை நிரப்பி, மூடியைக் கம்பியால் இறுக்கி, வழிந்தோடும் குழாயையும் அடைத்துப் பம்ப் அடித்தேன். டியூப் துண்டு பலூன் மாதிரி உப்பியது. ஒழுகல் இல்லையென்றால் உப்பியபடியே நிற்க வேண்டும். மாரிமுத்து ஒரு சுருட்டைப் பற்ற வைத்துப் பாதி இழுப்பதற்குள் தொய்ந்து தொங்கிவிட்டது.

"பாத்தியா மாப்பிள்ளை! ஒழுகுது!"

அவனுக்குச் சிரிக்க வாய் திறக்கவில்லை. தாடை வீக்கம்.

கி.யைக் கூட்டி வந்து காட்டினேன். "காத்து போறதக் காட்டி என்னை ஏமாத்துறியா? காணாப்போனது தண்ணி. தண்ணியக் காட்டு."

அட, மண்டையில் ஏறினால்தானே! காற்று போகிற ஓட்டையில்தான் தண்ணீரும் போகும். இந்த ஆள் கையில் முந்நூறு குடும்பம்.

ஆடி 5, புதன்

மூட்டம். லாரியின் அடியில் படுத்துப் படுத்து முதுகெல்லாம் சேறு.

எஞ்சினை ஓட விட்டு ரேடியேட்டர் வாயைப் பார்த்தேன். குமிழி வரவில்லை. எஞ்சினுக்குள் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் நல்லதுதான். அப்படியானால் வெளியேதான் எங்கோ.

ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை எஞ்சின் முழுக்க நகர்த்தினேன். பம்ப் அடிப்பது மாரிமுத்து, ஒற்றைக் கையால். புகைக்குழாய்க்குப் பின்பக்கம் 'உஸ்' என்று ஏதோ கேட்டது. அங்கே கையும் போகாது, கண்ணும் போகாது. உஸ் என்று கேட்டது என்று போய்ச் சொன்னால் கி. கைகொட்டிச் சிரிக்கும்.

சவுக்காரத் தண்ணீர் தெளித்தால் நுரை காட்டிக் கொடுக்கும். பாக்கியத்திடம் கேட்டேன். பிடித்துக்கொண்டாள்.

"சவுக்காரமா? தலைக்கே சாம்பலத் தேச்சுக் குளிக்கிறோம். உங்க லாரிக்கு நொரை கேக்குதா?"

அவள் கோபம் என் மேல் இல்லை என்று தெரியும். இருந்தாலும் சுருக்கென்றது.

சாயங்காலம் அவள் மாரிமுத்துவின் தோளுக்குப் பற்றுப் போட்டாள். மஞ்சளை இழைத்து, அதில் வெற்றிலைச் சுண்ணாம்பு குழைத்தாள். சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் ரத்தச் சிவப்பாயிற்று. எத்தனை கல்யாணத்தில் ஆலத்தட்டு பார்த்த கண் இது! மடையன், மடையன் நான்.

"ஏன்ணே என்னை அப்படி மொறைக்கிறீங்க?"

"உன்னை இல்லம்மா. அந்தப் பத்தைத்தான் பாக்குறேன்."

ஆடி 6, வியாழன்

வெயில், நல்ல வெயில்.

சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்து, தெளிந்த நீரை மட்டும் ரேடியேட்டரில் ஊற்றினேன். கட்டி போனால் குழாய் அடைத்துக்கொள்ளும். மஞ்சள் லயத்துக்குப் பின்னாலேயே முளைக்கிறது. துணிக்குத்தான் எங்கே போவது? ஊரே சாக்குடுத்தித் திரிகிறது. பாக்கியம் பெட்டியைத் திறந்து மாரிமுத்துவின் கல்யாண வேட்டியை எடுத்து நீட்டினாள். நான் கை நீட்டவில்லை.

"கிழிங்கண்ணே. ஆளே போயிட்டா வேட்டி யாருக்கு?"

கிழித்தேன். மஞ்சளில் நனைத்து நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு துண்டு கட்டினேன். கை போகாத இடத்துக்கு மூங்கில் குச்சி முனையில் சுற்றிச் செருகினேன். சுண்ணாம்புத் தண்ணீர் எங்கே கசிந்தாலும் அங்கே துணி சிவக்க வேண்டும். மாரிமுத்து பம்ப் அடித்தான். அவிழ்த்துப் பார்த்தேன். மேல்குழாய், மஞ்சள். கீழ்க்குழாய், மஞ்சள். எல்லாம் மஞ்சள். குச்சியை உருவினேன்.

சிவப்பு! வட்டமாக, பொட்டு வைத்தது போல!

எஞ்சின் பக்கவாட்டில், புகைக்குழாய்க்குப் பின்னால், ஒரு தகர அடைப்பு உண்டு. துரு தின்று ஊசி முனை ஓட்டை விழுந்திருக்கிறது. லாரி ஓடும்போது அங்கே கசிகிற தண்ணீர் சுடச்சுட இருக்கும் குழாயில் விழுந்து ஆவியாகிறது. தரைக்கு வந்தால்தானே ஈரம் இருக்கும்? இதற்கா ஒரு மனிதனைக் கீழே தள்ளி மிதித்தீர்கள்?

பாக்கியம் துணியை வாங்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். நானும் கொஞ்சம்.

ஆடி 7, வெள்ளி

ஆடி வெள்ளி. மாரியம்மனுக்குக் கூழ் இல்லை, கேப்பை ஏது. மரவள்ளி மாவைக் கரைத்து வைத்தார்கள். அம்மன் பொறுத்துக்கொள்வாள்.

கி. வந்தது. குச்சித் துணியைப் பார்த்ததும் அதன் முகம் செத்துவிட்டது.

"டேய்! வட்டமா செவப்பு! அவங்க கொடி மாதிரியே இருக்குடா! அதை வச்சு லாரி அடியத் தொடைச்சியா? என் தலையும் போயிரும்லா!"

அவன் கொடி வெள்ளை, இது மஞ்சள். சொன்னால் கேட்கிற ஜென்மமா? கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லி, அந்த வட்டம் துணியில் இருக்கக் கூடாதென்று அதைச் சதுரமாக வெட்டி எடுக்க வைத்தது. வெட்டினேன். என்ன செய்ய.

அப்புறம் அதிகாரி வந்தான். புதுத் துணி வைத்து மறுபடி செய்து காட்டினேன். சிவந்தது. "பாகுஸ்," நல்லது என்றான். உடனே கி. முன்னால் பாய்ந்து, "சாயா சுரோ, துவான்." தான் சொல்லித்தான் நான் செய்தேனாம்! ரேடியேட்டரின் வாய் எது வால் எது என்று தெரியாத ஜென்மம்.

மாரிமுத்து அங்கேயே நின்றான், தோளில் பற்றோடு. அவனிடம் ஒரு வார்த்தை? ஊஹூம். அறைந்தவன் சிகரெட் பற்ற வைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஆடி 8, சனி

புகைக்குழாயைக் கழற்றவே மதியமாயிற்று. பித்தளைத் தட்டில் வட்டம் வெட்டி, கிண்ணம் மாதிரி குவித்துத் தட்டி, பழைய தகரத்தின் இடத்தில் அடித்து இறக்கினேன். பம்ப் அடித்தோம். டியூப் உப்பியது. மாரிமுத்து ஒரு முழுச் சுருட்டும் பிடித்து முடித்தான். தொய்யவே இல்லை.

மேடு ஏறி இறங்கி வந்தான். ரேடியேட்டரில் தண்ணீர் வாய்வரை அப்படியே. ஹார்ன் அடித்துக்கொண்டே லயத்துக்குள் வந்தான், கிறுக்கன்.

கருவாடு, மரவள்ளிக் கிழங்கு. பாக்கியம் எனக்குத்தான் முதலில் வைத்தாள். பட்டியலில் அவன் பெயர் இல்லை. ஆபீஸ் பையனிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஆடி 10, திங்கள்

மழை.

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

அதிகாரி இரண்டு சிப்பாய்களோடு வந்தான். லாரியைச் சுற்றி வந்தான். எஞ்சினைப் போடச் சொல்லிக் கேட்டான். "லாரி பாகுஸ். சயாம்." பட்டாளத்துக்கு நல்ல லாரி வேண்டுமாம். கெட்ட லாரியை யார் கேட்கப் போகிறார்கள்?

கி. சொன்னது: "லாரி சயாமுக்குப் போகுதுலா. மாரிமுத்து, நீயும் ஏறு."

நான் போய்க் குறுக்கே நின்றேன். "லாரி ஓடினா விட்டுர்றேன்னு சொன்னீங்களே ஐயா! பட்டியல்ல அவரு பேரு இல்லையே!"

"பட்டியல் கூலிக்காரனுக்கு. டிரைவர் லாரியோட சேர்ந்த சாமான்லா."

சாமான்! இதைச் சொல்லும்போது அதற்கு நாக்கு கூசவில்லை. சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் என்னை ஒதுக்கினான். துணி மூட்டை கட்டக்கூட விடவில்லை. மாரிமுத்து ஏறி உட்கார்ந்து சொன்னான்: "விடுங்க மச்சான். பாக்கியத்தப் பாத்துக்குங்க."

அழகாக ஓடியது லாரி. ஆவி இல்லை, இருமல் இல்லை. என் கைவேலை.

பாக்கியம் வாசற்படியில் நின்றிருந்தாள். கத்தவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க ஏன்ணே கண்டுபிடிச்சீங்க?"

ஆடி 12, புதன்

பாக்கியம் கிழங்கு வேகவைத்து மூடி வைக்கிறாள். நான் தின்னவில்லை. அவளும் தின்னவில்லை.

கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் பட்டியல். கண்டுபிடித்தால் சாமான். எந்தப் பக்கம் போனாலும் அடைத்து வைத்திருந்தான்களே, பாவிகள். என் கையைக் கொண்டே என் வீட்டில் கொள்ளையடித்துவிட்டார்கள்.

ஆபீசில் கி.க்கு அரிசி மூட்டை வந்ததாம். நல்ல யோசனை சொன்னதற்கு.

ஆடி 15, சனி

மழை. வேலை. ஒன்றுமில்லை. சயாமிலிருந்து யாரும் கடிதம் போட முடியாது என்று தெரிந்தும் பாக்கியம் ஆபீஸ் பக்கம் போய் வந்தாள்.

ஆடி 18, செவ்வாய்

காலையில் கி. வீடு தேடி வந்தது. வெற்றிலைச் சிரிப்பு. செமிலிங் பக்கத்து எஸ்டேட் லாரியிலும் தண்ணீர் காணாமல் போகிறதாம். அதிகாரி என்னைக் கூட்டி வரச் சொன்னானாம். "ஒன் பம்பு, துணி, சுண்ணாம்பு எல்லாத்தையும் எடுத்துக்க."

பாக்கியம் உள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே டிரைவர் ஒரு மலாய்க்காரர். என் வயதிருக்கும். உதடு கிழிந்திருந்தது. ஏற்கெனவே அடித்திருக்கிறார்கள், தண்ணீரைக் கொட்டினாய் என்ற அதே பழி. எஞ்சின் மூடியைத் தூக்கிப் பிடிக்கிற சாக்கில் என் காதருகே தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "லாரி நல்லா ஆச்சுன்னா, நானும் சயாம் போகணும், அண்ணே."

கீழ்க்குழாய் இணைப்பைத் தடவினேன். விரல் ஈரமாயிற்று. கம்பியை இரண்டு முறுக்கு முறுக்கினால் முடிகிற வேலை. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

ரேடியேட்டரை நிரப்பினேன். துணிகளைக் கட்டினேன். பம்ப் அடித்தேன். கி. அதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருந்தது: துணி சிவந்தால் ஒழுகல், சிவக்காவிட்டால் ஒழுகல் இல்லை. தானே கண்டுபிடித்த மாதிரி.

டியூப் தொய்ந்தது. கி. தன் கையாலேயே துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தது. எல்லாம் மஞ்சள்.

"ஒண்ணுமே செவக்கலையே?"

"வெளிய ஒழுகலே இல்லீங்க ஐயா. உள்ளுக்குள்ள இரும்பு வெடிச்சுப் போச்சு. டிரைவர் என்ன பண்ணுவாரு, அவரு மேல தப்பில்ல. இந்த லாரி இனி ஓடாது."

கி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதையே மலாயில் அதிகாரிக்குச் சொன்னது. அதிகாரி சக்கரத்தை ஓர் உதை உதைத்துவிட்டுப் போனான். மலாய்க்காரர் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

எப்படிச் சிவக்கும்? நான் தண்ணீரில் சுண்ணாம்பே கலக்கவில்லை.